பொட்டு வைத்த மீனும் இரண்டு மணி நேர ஏச்சும்

உனக்கு,

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் காரைக் கழுவினேன். நேற்று முன்தினம் உன் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குச் சாம்பார்ச் சட்டியை ஏற்றிக்கொண்டு வந்தபோது எவனோ குறுக்கே வந்தான். நான் பிரேக்கை மிதிக்க, அரைச் சட்டி பின்பக்கம் கொட்டிவிட்டது. வெந்நீரும் வினிகருமாகத் தேய்த்துத் தேய்த்து முன் ஆசனத்துக்கு அடியில் கையை விட்டேன். சுருக்கென்று விரலில் ஏறியது. இழுத்துப் பார்த்தால் உன் செம்புக் கரண்டி, அதுதான் தூண்டிலில் கட்டும் லூர், மீனை ஏமாற்றும் போலி இரை. மூன்று முனைக் கொக்கியோடு ஒரு வருடமாகக் கம்பளத்தைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. இரத்தம் வந்தது. "சனியன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். உன்னைத்தான்.

குத்தியதும் ஒரு வகையில் நல்லது. இல்லாவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு வருடமாக உன்னைக் கொன்றவள் என்ற பெயரோடு திரிகிறேன். அது உனக்குத் தெரியாது. செத்தவீட்டில் உன் அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னா: "குளிருக்குள்ள கொண்டுபோய் என்ரை தங்கச்சியைச் சாகடிச்சுப்போட்டாள்." நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்டேன். வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயரெடுத்த நான், தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன். அந்த மன்னிப்பு மீன்முள் மாதிரித் தொண்டையில் குறுக்கே நின்றுவிட்டது. உன்னை ஏரிக்குக் கொண்டுபோனதற்கு நான் ஒருநாளும் வருந்தவில்லை. மன்னிப்புக் கேட்டதற்குத்தான் வருந்தினேன். அதை நான் திரும்ப வாங்கிய கதையைத்தான் சொல்ல வந்தேன். நீ குறுக்கே பேசாமல் கேட்கப்போகிற முதல் கதை இதுவாகத்தான் இருக்கும்.

முதியோர் இல்லத்துக் குசினியில் நாம் சேர்ந்து வேலை செய்த காலம். இருவருக்கும் செவ்வாய்க்கிழமை ஓய்வு. மற்றப் பெண்கள் ஓய்வு நாளில் உடுப்புத் தோய்த்தார்கள், கோவிலுக்குப் போனார்கள். நீ ஒருநாள் வெங்காயம் உரித்தபடி, "எடி, மீன் பிடிக்கப் போவம், வாறியோ?" என்று கேட்டாய். விசா இல்லாமல் வந்தவர்களை அடைத்து வைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினான்கு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்த புதிதில், தேவாலயத்து ஆட்கள் யாரோ உன்னை லித்கோவுக்கு அப்பால் ஓர் ஏரிக்குக் கூட்டிப்போனார்களாம். அங்கே ஒரு வெள்ளைக்காரி தண்ணீருக்குள்ளிருந்து ஒரு ட்ரவுட் மீனைத் தூக்கினாளாம்.

"உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டடி. ஒவ்வொரு பொட்டையும் சுத்தி வெளிறின வட்டம். மீனுக்கு ஆர் பொட்டு வைச்சவை?"

அதைப் பிடிக்காமல் சாகமாட்டேன் என்று சொன்னாய். அப்போது சாவைப் பற்றிப் பேசினால் இருவரும் சிரிப்போம்.

தூண்டில் வாங்கப் போன கடையில் இருந்தவன், "கணவருக்குப் பரிசா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். உனக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ரோசம் முழுசாக இருந்தது. "என் கணவர் மீன் சாப்பிடுவார். நான் மீன் பிடிப்பேன்" என்று ஒவ்வொரு சொல்லாக வைத்தாய். கடைக்காரன் லூர் தட்டுப் பக்கம் கையைக் காட்டினான். நாமும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பார்த்ததில் பெரியதாக நாலு லூரைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். உள்ளங்கை நீளம். கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? பெரிய மீனுக்குப் பெரிய இரை, அறாத தடித்த தங்கூசி நூல். அதைத் தூக்கி எறிந்தால் ஏரியில் கல் விழுந்த சத்தம். நாலு செவ்வாய்க்கிழமைகள் ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சுண்டுவிரல் அளவு தகட்டை எறிந்து வரிசையாகப் பிடித்தார்கள். ஐந்தாம் செவ்வாய் நீ கடைக்குத் திரும்பிப் போய், "சின்னது தா. நூலும் மெல்லிசு" என்றாய். தோற்றதை ஒத்துக்கொள்ளும்போதும் உன் குரல் சண்டைக்கு வந்த மாதிரித்தான் இருக்கும்.

ஊர் சும்மா இருந்ததா? தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு அன்ரி, "ரெண்டு பொம்பிளையள் தனியக் காட்டுக்குள்ள போய் மீன் பிடிக்கிறியளாம்?" என்று கேட்டா. "ஓம் அன்ரி. நீங்கள் வந்தால் மூண்டு பேர்" என்றாய். அதற்குப் பிறகு அவ நம்மைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனா.

ஆனால் நமக்குள் நடந்த சண்டைதான் பெரியது. எனக்கு உயிர் இரை பிடிக்கும். மிதவையில் ஒரு தும்பிக் குடம்பிப் புழுவைக் கொழுவி விட்டுவிட்டு, கதிரையை விரித்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கலாம். மிதவை அமிழ்ந்தால் மீன். அமிழாவிட்டால் தேத்தண்ணியாவது மிச்சம். உனக்கு அதைக் கண்ணில் காட்டக் கூடாது.

"இரையைப் போட்டிட்டு இருக்கிறது விசாவுக்கு இருக்கிறது மாதிரி. ஆரோ எடுப்பினம், எடுக்காமல் விடுவினம். நான் முகாமில இருந்தது போதும். லூர் எண்டால் நான் போய்க் கேக்கிறன்."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? இருந்தும் சொன்னேன். ஏழு வருடம் சொன்னேன். என் மிதவை பிடித்ததை நீ கணக்கில் எடுக்கவே இல்லை. "அது தற்கொலை செய்த மீன்" என்பாய்.

லூர்களுக்கெல்லாம் நீ பெயர் வைத்தாய். வளைந்த தகடு கரண்டி. சுழலும் தகடு விசிறி. குஞ்சுமீன் உருவத்தில் இருந்தது பிள்ளை. விடிகிற நேரம் மீன் கரையோரம் மேயும், அப்போது பிள்ளையைக் கரைக்கு ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும், அப்போது கரண்டிதான். தெளிந்த தண்ணீருக்கும் பளிச்சென்ற வெயிலுக்கும் மங்கலான நிறம். முகில் மூட்டமென்றால் வெள்ளி. மழை பெய்து ஏரி தேத்தண்ணி நிறமாகிவிட்டால் செம்பு. முட்டையிடப் போகும் காலத்தில் ஆற்று வாயில் செம்மஞ்சளைப் போடு. "அந்த நேரம் அது பசியில கடிக்கிறேல்லை, கோவத்தில கடிக்கிறது. தன்ரை இடத்துக்கை வந்திட்டாய் எண்டு" என்பாய். அந்த மீனைப் பற்றிச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை வரும், ஏதோ உன் சொந்தக்காரர் மாதிரி.

ஆழம் பார்க்க நீ கண்டுபிடித்த முறை உலகத்தில் வேறு யாரிடமும் இராது. எறிந்த கரண்டி அமிழும்போது எல்லோரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எத்தனையில் மீன் கொத்தியதோ, அடுத்த முறையும் அத்தனை எண்ணிவிட்டுச் சுற்றத் தொடங்குவார்கள். உனக்கு இலக்கம் எண்ணினால் அவசரம் வந்துவிடும். ஆகவே ரயில் நிலையங்களைச் சொன்னாய். வெளியே வந்த பிறகு நீ முதலில் பாடமாக்கிய ஆங்கிலம் அதுதானே, பெண்டில்ஹில்லில் ஏறி வேலைக்குப் போன பாதை. வெண்ட்வேர்த்வில், வெஸ்ட்மீட், பரமட்டா, ஹரிஸ் பார்க், கிரான்வில். "இண்டைக்கு மீன் கிரான்வில்லில நிக்குது" என்று நீ கத்த, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் குழம்பிப்போய்ப் பார்த்தது நினைவிருக்கிறதா?

முதல் மீனை வழக்கம்போலப் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தாய். ட்ரவுட் நம் பாரை, விளை மாதிரித் தாக்குப் பிடிக்கும் மீனா? கொதித்த கொதியில் கரைந்து, சட்டியில் முள் மட்டும் மிஞ்சியது. உன் மனிசன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது என்ன பருப்போ?" என்று கேட்டார். பாவம், அண்ணை அந்த வீட்டில் கேட்ட துணிச்சலான கேள்வி அது ஒன்றுதான். அடுத்த மீனிலிருந்து பொரியல்.

பிறகு உனக்கு நோய் வந்தது. அதன் பெயரை நீயும் நானும் சொல்லிக்கொள்ளவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. மெல்பேர்னிலிருந்து உன் அக்கா வந்தா. அவவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு மாதம் தன் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து உன்னைத் துடைத்தா, ஊட்டினா, தூக்கினா. ஆனால் அறைக் கதவை மூடி, யன்னலை மூடி, ஹீட்டரைப் போட்டு, வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினா. என்னைச் செவ்வாயில் மட்டும், அரை மணி நேரம் விட்டா.

அப்படி ஒரு செவ்வாயில்தான் நீ கேட்டாய். ஓகஸ்ட் மாதம், இங்கே கடும் குளிர்காலம். "என்னை ஏரிக்குக் கொண்டுபோ."

"எழும்பி இருக்கவே ஏலாது, ஏரிக்கோ?" என்றேன்.

"வீட்டுக்கு வாற நேர்ஸ் என்ன சொன்னவள்? விரும்பினதைச் செய்யட்டாம். நான் பூட்டின கதவுக்குள்ள ஒருக்கா இருந்தனான். ரெண்டாந்தரம் இருந்து சாகமாட்டன்."

அக்காவிடம் கேட்டேன். கேட்காமல் கொண்டுபோனேன் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டேன். "உனக்கென்ன விசரோ? அந்தக் குளிருக்குள்ளயோ?" என்றா. அவ சொன்னது நியாயம்தான். எனக்கும் பயம்தான். ஒரு கிழமை முழுக்க வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த செவ்வாய் நான் வந்தபோது அண்ணை வேலையில், அக்கா முருகன் கோவிலுக்குப் போயிருந்தா. நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தாய். சப்பாத்து இரண்டும் இடக்கால் வலக்கால் மாறிப் போடப்பட்டிருந்தன. அதைக் கண்ட பிறகு என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

மூன்று போர்வை, இரண்டு சுடுதண்ணிப் பை, மடக்குக் கதிரை. கரையில் உன்னை இருத்தியபோது வெயில் இருந்தது, சூடு இல்லை. நான் மிதவையை எடுத்தேன். உன்னால் எறிய முடியாது, சும்மா இருந்து பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

"அதை உள்ள வை" என்றாய். "காத்திருக்கச் சொல்லாத. நேரமில்லை."

லூர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ தெரிவுசெய்ய இருபது நிமிடம் எடுத்தாய். முந்திய கிழமை மழை, தண்ணீர் மெல்லிய தேத்தண்ணி நிறம். செம்புக் கரண்டியை எடுத்தாய். நான் எறிந்து கொடுத்தேன், நீ நிலையங்களைச் சொல்லிவிட்டுச் சுற்றினாய். கிரான்வில்லில் ஒன்றுமில்லை. கிளைட்டில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு எறிக்கும் ஒரு நிலையம் கீழே போனாய். மூச்சு வாங்கியது, இடையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். லிட்கமில் தூண்டில் வளைந்தது.

நான் தூண்டிலைப் பிடிக்கப் பாய்ந்தேன்.

"கையை எடடி. என்ரை மீன். நான் செத்தாப் பிறகு நீ பிடி."

கையை எடுத்தேன். பின்னால் மண்டியிட்டு உன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். போர்வைக்குள் நீ இருந்ததே தெரியவில்லை, அவ்வளவு மெலிவு. ஆனால் தூண்டிலின் இழுப்பு உன் முதுகு வழியாக என் நெஞ்சுக்கு வந்தது. மீன் ஓடினால் விட்டுக் கொடுத்தாய், நின்றால் சுற்றினாய். நூலை ஒரு கணமும் தளர விடவில்லை. பத்து நிமிடத்துக்குமேல் இருக்கும். கரையருகே அது பக்கவாட்டில் புரண்டபோது பொட்டுகள் தெரிந்தன. நான் பார்த்ததிலேயே பெரிய மீன்.

கைவலையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். ஏழு வருடமாக நீ சொல்லித் தந்தது ஒன்றுதான்: வலையைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டு அசையாமல் நில், மீனின் தலையை நான் வலைக்குள் கொண்டுவருவேன், வாலைத் துரத்தாதே. நான் வாலைத் துரத்தினேன். உன் கை எந்தக் கணமும் விட்டுவிடும் என்ற பயம். வலையின் விளிம்பு வாலில் பட்டது. மீன் ஓர் உதறு உதறியது. கரண்டி பறந்து கரையில் விழுந்தது. மீன் போய்விட்டது.

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீ என்னை ஏசத் தொடங்கினாய். நான் கரண்டியைப் பொறுக்கிக்கொண்டு உன்னைக் காரில் ஏற்றும்போது ஏசினாய். பெல்ட் போடும்போது ஏசினாய். கட்டூம்பா வரும்வரை என் வலை பிடிக்கும் இலட்சணத்தைப் பற்றி. ஸ்பிரிங்வூட் வரும்வரை நான் வைக்கும் சொதியைப் பற்றி, அதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் தெரியாது. பென்ரித்துக்கு வந்தபோது என் பரம்பரையில் எவரும் மிச்சமில்லை. இரண்டு மணி நேரம். முந்திய இரண்டு மாதத்தில் நீ பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

வாசலில் அக்கா நின்றா. கோவில் விபூதி நெற்றியில், கண்கள் சிவந்து. உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. நாலாம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் நீ இல்லை. குளிர் பட்டதால்தானா, நோயின் போக்கே அதுதானா, டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பின்னால் நான் ஒளியவும் மாட்டேன். குளிர் பட்டது. நான்தான் கொண்டுபோனேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒரு வருடமாக என்னோடு போனில் கதைக்காத அண்ணை அன்று காலை கூப்பிட்டார். "தங்கச்சி, சமைக்கிற ஆளிட்டைச் சாம்பார்ச் சட்டி இருக்கு. என்ரை காருக்குள்ள அடங்காது. நீ ஏத்திக்கொண்டு வருவியோ?" அவருடைய காருக்குள் மூன்று சட்டி அடங்கும். அழைப்பென்றால் அவருக்கு அப்படித்தான் வரும். பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "வரட்டும். ஏரிக் கதை மட்டும் கதைக்கக் கூடாது எண்டு சொல்லுங்கோ."

ஐயர் கிரியை முடித்துப் போனார். பந்தி வைத்தோம். நான் வாயைத் திறக்கவில்லை, நம்பு. நார்த்மீட்டிலிருந்து வந்த ஒரு அங்கிள் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அமைதியான பிள்ளை" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அங்கிள். கடைசி வரைக்கும் ஒரு சத்தமில்லை. அந்தக் குளிருக்குள்ள கொண்டுபோகாட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள்" என்றா.

சாம்பார் அகப்பையை வாளிக்குள் வைத்தேன்.

"அக்கா, செத்தவீட்டில உங்களிட்டை மன்னிப்புக் கேட்டனான். அதை நான் திரும்ப எடுக்கிறன். நான்தான் கொண்டுபோனனான். அவள் கேட்டவள், கொண்டுபோனனான். இண்டைக்கு எழும்பி வந்து கேட்டாலும் கொண்டுபோவன்."

ஒருவரும் அப்பளம்கூடக் கடிக்கவில்லை. அண்ணை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. நான் மிச்ச இலைகளுக்கும் சாம்பார் ஊற்றினேன்.

எல்லோரும் போன பிறகு சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றா. அடிக்கப்போகிறா என்று நினைத்தேன்.

"அண்டைக்கு அங்க அவள் சிரிச்சவளோ?" என்று கேட்டா.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எனக்கு மனம் வரவில்லை.

"இல்லை அக்கா. சிரிக்கேல்லை. என்னை ஏசினவள்."

"ஏசினவளோ?"

"ரெண்டு மணித்தியாலம். லித்கோவில துவங்கி இந்த வீட்டு வாசல் மட்டும்."

அக்கா குசினிக் கதிரையில் இருந்தா. பிறகு சொன்னா: "என்னை ஒரு சொல்லும் ஏசேல்லை, பிள்ளை. ரெண்டு மாதம். சொன்னதெல்லாம் செய்தாள். குடி எண்டால் குடிச்சாள், படு எண்டால் படுத்தாள். சின்னனில என்ரை தலைமயிரைப் பிடிச்சு இழுத்துச் சண்டை பிடிக்கிறவள். நான் ஏதோ வேற ஆரோ ஒருத்தியைப் பாத்துக்கொண்டிருந்த மாதிரி."

அழுதா. நானும் அழுதேன், மறைக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "என்ன சொல்லி ஏசினவள்?" என்று கேட்டா. சொன்னேன். வலை, சொதி, என் பரம்பரை, ஒன்றும் விடாமல். சொதி வந்தபோது அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பென்ரித் வந்தபோது, "இன்னொருக்காச் சொல்லு" என்றா. முதலிலிருந்து சொன்னேன்.

அக்கா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தேவையும் இல்லை.

உன் ஏச்சை நான் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன். அதில் சில கெட்ட வார்த்தைகள் உண்டு, அவற்றையும் வைத்திருக்கிறேன். இனி அந்த வீட்டில் உன் படத்துக்கு முன்னால் நின்று யாராவது அமைதியான பிள்ளை என்று சொல்ல வரட்டும். நான் இருக்கும்வரை உன்னை அப்படிச் சொல்ல ஒருவரையும் விடமாட்டேன்.